வெள்ளை யானைக்குத் தீனி போடுவது யார்?

ஆங்கில மரபுத்தொடர்களுள் பல நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத குளிர்நாட்டு வாழ்க்கையிலிருந்து வந்தவை. பனிப்பாறையின் நுனி என்றும், மெல்லிய பனிப்படலத்தின்மேல் சறுக்குவது என்றும் பாடத்தில் வரும்போது, பனியைத் திரைப்படத்தில் மட்டுமே பார்த்திருக்கும் ரங்கூன் மாணவர்களுக்கு முதலில் பனியை விளக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் மொழிக்கு வர வேண்டியிருக்கிறது. ‘வெள்ளை யானை’ என்ற தொடருக்கு மட்டும் அந்தச் சிரமம் கிடையாது. 2001, 2002 ஆண்டுகளில் ராக்கைன் மாநிலத்துக் காடுகளில் பிடிபட்ட வெள்ளை யானைகளை எங்கள் நகரத்தின் இன்செயின் பகுதிக்குக் கொண்டுவந்து, மின் தம்மா குன்றின் பெரிய சலவைக்கல் புத்தர் சிலைக்கு அருகில் கொட்டகை கட்டி நிறுத்தினார்கள். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர், தமிழரோ பர்மியரோ, சிறு வயதில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அவற்றைப் பார்த்து வந்தவர்கள். ஆகவே யானை எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த யானை ஆங்கிலத்தில் ஏன் வசைச்சொல் ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடரின் பொருளை அகராதி ஒரே வரியில் முடித்துவிடும்: பராமரிக்கப் பெருஞ்செலவு பிடிக்கும், செலவுக்கேற்ற பயன் தராத, எளிதில் கைகழுவவும் முடியாத உடைமை. மாணவர்கள் இந்த வரியின் முதற்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, காசைக் கரைக்கும் எல்லாவற்றையும் வெள்ளை யானை என்று எழுதிவிடுகிறார்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதற்காக ஆங்கிலம் படிக்கும் ஒரு மாணவி, தன் வீட்டு ஜெனரேட்டரைப் பற்றி அப்படி எழுதியிருந்தார். மின்சாரம் எப்போது வரும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத இந்த ஊரில், டீசலுக்கே சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது என்ற அவருடைய எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனாலும் வாக்கியம் சரியில்லை என்று திருத்தினேன். அந்த ஜெனரேட்டர் ஓடாவிட்டால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, பிரிட்ஜில் வைத்த மீன் மறுநாள் காலைக்குள் நாறிவிடும். தின்ற தீனிக்கு அது உழைக்கிறது. விலை ஏறியது டீசலுக்கே தவிர, இயந்திரத்தின்மேல் குற்றமில்லை.

அதே வகுப்பில் இன்னொரு பையன் எழுதியதைத்தான் நான் இன்றுவரை எல்லா வகுப்பிலும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அவன் தந்தைக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும், வெளிநாட்டில் இருக்கும் அத்தை ஒரு டிரெட்மில் வாங்கிக் கப்பலில் அனுப்பிவைத்தாராம். அது கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. வீட்டில் மின்சாரம் இருக்கும் நேரத்தில் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் மின்சாரம் இருப்பதில்லை. ஜெனரேட்டரில் போட்டாலோ விளக்குகள் மங்கிவிடுகின்றன. அதன் கைப்பிடிகளில் இப்போது லுங்கிகள் காய்கின்றன. வாங்கிக்கொள்ள ஆள் வந்தும் தந்தை கொடுக்க மறுத்துவிட்டார், ஏனென்றால் அத்தை ஒவ்வொரு வாரமும் வீடியோ அழைப்பில், “அண்ணே, மெஷின்ல நடக்குறீங்கதானே?” என்று கேட்கிறார். ஓட்டாமல் விட்டால் பட்டை இறுகிவிடும் என்று யாரோ சொன்னதால், அவ்வப்போது ஆளை வரவழைத்து எண்ணெய் விட்டு, அதற்குக் கூலியும் கொடுக்கிறார்கள். அன்றாடம் தூசி தட்டுவது அம்மாவின் வேலை. இதில் செலவு உண்டு, பயனில்லை. அவ்விரண்டையும்விட முக்கியமாக, கைவிட்டால் ஒருவருடைய மனமும் ஒரு குடும்பத்தின் மரியாதையும் குலைந்துபோகும் என்ற கட்டு உண்டு. கட்டு இல்லாவிட்டால் அது வெறும் வீண்பொருள். பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டுப் போகலாம்.

அந்தப் பையனின் வாக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, தூசி தட்டும் அம்மாவைப் பற்றிய வரி. அத்தைக்கு அது அன்பளிப்பு. தந்தைக்கு அது தங்கையின் பாசம். அம்மா ஒருவருக்குத்தான் அது வெள்ளை யானை. ஒரே பொருள், யார் அதற்குத் தீனி போடுகிறார்களோ அவர்கள் வாயிலிருந்து மட்டுமே இந்தப் பெயரைப் பெறுகிறது. தொடரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இதுதான் அதன் நடுநரம்பு என்று எனக்குப் படுகிறது. தொடரின் பிறப்பைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதையோ இந்த இடத்தைத் தொடாமலே போய்விடுகிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, மன்னருக்குப் பிடிக்காத அமைச்சர் ஒருவர் இருப்பார். அவரைத் தண்டிக்காமல் தண்டிக்க நினைத்த மன்னர், அவருக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாக அனுப்புவார். புனித விலங்கு என்பதால் வேலை வாங்க முடியாது. அரசன் கொடுத்தது என்பதால் விற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தீனி போட்டே அமைச்சர் ஓட்டாண்டி ஆகிவிடுவார். ஆங்கில நூல்களில் இது வரலாறு போலவே சொல்லப்படுகிறது. சயாமையும் பர்மாவையும் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு இது நம்பத்தக்கதாகத் தோன்றாது. அந்த நாடுகளில் வெள்ளை யானை அரசனுக்கு மட்டுமே உரியது. காட்டில் யார் கண்ணில் பட்டாலும் அரண்மனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாய்லாந்தில் 1921ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. தன் அரசாட்சிக்கே தெய்வச் சான்றாக நிற்கும் விலங்கை எந்த அரசனாவது பகைவனுக்குத் தூக்கிக் கொடுப்பானா? சயாமின் கொடியில்கூட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெள்ளை யானைதான் நின்றது.

கொடுத்த கதைக்குச் சான்று இல்லை. கேட்டுக் கொடுக்காததால் மூண்ட போருக்குச் சான்று உண்டு. பர்மாவின் அன்றைய தலைநகரான பெகுவிலிருந்து ஆண்ட பயின்னௌங் மன்னர் 1563இல் சயாமின் தலைநகரான அயுத்தயாவின் அரசரிடம் இரண்டு வெள்ளை யானைகளைக் கேட்டு அனுப்பினார். அயுத்தயா மறுத்தது. படை கிளம்பியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அயுத்தயா பணிந்தபோது, இரண்டு கேட்ட இடத்தில் நான்கு யானைகளாகக் கொடுக்க நேர்ந்தது. வேறு அரசியல் காரணங்களும் அந்தப் போருக்கு இருந்தன என்பது உண்மை. ஆனால் ஊரறியச் சொல்லக்கூடிய காரணமாக யானையை வைக்க முடிந்தது என்பதே அதன் மதிப்பைக் காட்டுகிறது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1767இல் அதே அயுத்தயாவை அழித்த, பர்மாவின் கொன்பௌங் வம்ச மன்னரின் பட்டப்பெயரே சின்பியூஷின், அதாவது வெள்ளை யானையின் அதிபதி. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த சொல் எப்படி ‘வீண்சுமை’ என்று பொருள் பெற்றது?

இதற்கு விடையாக நான் எடுத்துக்கொள்வது, பெகுவுக்கு வந்த ஓர் இலண்டன் வணிகர் விட்டுச்சென்ற குறிப்பை. ரால்ஃப் ஃபிட்ச் என்பவர் 1586இல் வங்காளத்திலிருந்து கப்பலேறிப் பெகுவுக்கு வந்தார். அரண்மனையில் நான்கு வெள்ளை யானைகள் இருந்ததை அவர் எழுதியிருக்கிறார். அவற்றுக்குப் பொன்பூசிய வீடுகள்; வெள்ளிப் பாத்திரங்களில் உணவு. ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது ஆறு அல்லது எட்டுப் பேர் பட்டு விதானத்தை யானையின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். எட்டுப் பத்துப் பேர் மேளமும் குழலும் வாசித்து முன்னே செல்வார்கள். குளித்து முடித்து யானை கரையேறியதும், அரசன் அதற்கென்றே நியமித்த ஒரு பெரிய மனிதர் வெள்ளித் தாம்பாளத்தில் அதன் கால்களைக் கழுவிவிடுவார். நம் ஊர்க் கோயில் யானைக்கும் நெற்றிப்பட்டமும் குடையும் உண்டு என்றாலும், கால் கழுவுவதற்கென்று ஒரு பதவி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த ஆடம்பரத்தையெல்லாம் படித்து வியக்கிறவர்கள், அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொரு செய்தியைக் கவனிப்பதில்லை. புதிதாக ஒரு வெள்ளை யானை அரண்மனைக்கு வந்தால், நகரத்தில் உள்ள வணிகர்கள் அனைவரும் வந்து அதைத் தரிசிக்க வேண்டும் என்று ஆணை பிறக்கும். தரிசித்தவர் ஒவ்வொருவரும் அரை டுகாட் (அக்கால ஐரோப்பிய நாணயம்) காணிக்கை வைக்க வேண்டும். வணிகர்கள் ஏராளம் என்பதால் அது பெருந்தொகையாகச் சேரும் என்கிறார். வணிகர் அல்லவா, கணக்கு அவர் கண்ணில் படாமல் இருக்குமா! பிற்காலக் கொன்பௌங் அரசர்கள் தங்கள் யானைக்கு ஒரு நிலப்பகுதியின் வருவாயையே ஒதுக்கி வைத்திருந்தார்கள். இளவரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் ஊர்களின் வருவாயை அப்படி எழுதிக்கொடுப்பது இங்கே வழக்கம். பெற்றவரை ‘மியோசா’ என்பார்கள், ஊரைத் தின்பவர் என்று பொருள். யானையும் அந்தப் பட்டியலில் ஓர் உண்ணும் அதிகாரி. அரசனுக்கு அதனால் ஒரு காசு நட்டமில்லை, புகழ்தான் மிச்சம். செலவு உழவனுடையது, கடைக்காரனுடையது, துறைமுகத்தில் வந்திறங்கிய அயலானுடையது.

கடைக்காரனும் அயலானும் பார்த்த பார்வையே ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பது என் எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இந்தத் தொடர் ஆங்கில எழுத்தில் உருவகமாகப் பரவலாகப் புழங்கத் தொடங்குகிறது. அது பர்மாவோடு ஆங்கிலேயர் போரும் வாணிகமும் நடத்திய காலம். நிர்வாகக் கணக்கு எழுதப் பழகிய கண்ணுக்கு, வேலை செய்யாமல் வெள்ளித் தட்டில் சாப்பிடும் யானை செலவுப் பக்கத்தில் எழுத வேண்டிய ஒரு வரி, அவ்வளவுதான். 1885 நவம்பரில் தலைநகர் மாந்தலே வீழ்ந்து பர்மாவின் கடைசி மன்னர் தீபோ நாடுகடத்தப்பட்டபின், அரண்மனையின் வெள்ளை யானை விரைவிலேயே மடிந்தது. அதன் உடலை எந்தச் சடங்கும் இல்லாமல் வளாகத்துக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். நகரத்து மக்கள் அதைப் பார்த்தபோதுதான் அரசாட்சி உண்மையாகவே முடிந்துவிட்டது என்று உணர்ந்திருப்பார்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளை யானை வெள்ளையாக இருக்காது. இன்செயினுக்குப் போகும் வெளியூர் விருந்தினர் முகத்தில் தோன்றும் முதல் உணர்ச்சி ஏமாற்றமே. தூசி படிந்த செம்மண் சுவரின் நிறம். காது விளிம்பிலும் தும்பிக்கை அடியிலும் கொஞ்சம் வெளிர்சிவப்பு. கண்மணி மட்டும் வெளுத்திருக்கும். பாகன் தண்ணீர் ஊற்றும்போதுதான் வேறுபாடு தெரியும். மற்ற யானையின் தோல் நனைந்தால் கறுக்கும், இதன் தோல் நனைந்தால் சிவக்கும். பழைய அரசவை வல்லுநர்கள் இதையே முக்கியச் சோதனையாக வைத்திருந்தார்கள். 2022 ஜூலையில் ராக்கைன் மாநிலத்துத் தௌங்கூப்பில் ஒரு வெள்ளைக் கன்று பிறந்தபோதும், முத்துநிறக் கண்கள், வாழைமட்டை போன்ற முதுகு, வெண்முடி என்று எட்டு இலக்கணங்களில் ஏழு பொருந்தியிருப்பதாக அரசு ஊடகங்கள் எண்ணிச் சொல்லின.

இந்த நிறத்தில் ஏமாந்தவர்களில் பெரியவர் அமெரிக்கச் சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னம். பெரும்பொருள் கொடுத்துப் பர்மாவிலிருந்து வரவழைத்த தௌங் தலௌங் என்ற யானை 1884 தொடக்கத்தில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்கு வந்து, பிறகு நியூயார்க் போய்ச் சேர்ந்தது. சுண்ணாம்பு போல வெளுத்த விலங்கை எதிர்பார்த்து வந்த கூட்டம், சாம்பல் நிறத்தில் ஆங்காங்கே வெளிர்சிவப்புத் திட்டுகளோடு நின்ற உண்மையான வெள்ளை யானையைப் பார்த்து முகம் சுளித்தது. போட்டியாளரான ஆதம் ஃபோர்பா சும்மா இருக்கவில்லை. சாதாரண யானை ஒன்றுக்கு வெள்ளை அடித்து ‘ஆசியாவின் ஒளி’ என்று பெயரிட்டு ஊர்வலம் விட்டார். பூச்சுக்குக் கூட்டம் கூடியது. தௌங் தலௌங் 1887இல் பார்னத்தின் கொட்டகைகளில் பற்றிய தீயில் இறந்துபோனது. தொடரின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை வரலாறு வேறு யானைக்கு அமைந்திருக்க முடியாது.

இன்றைய ஆங்கிலத்தில் இந்தத் தொடர் பெரும்பாலும் அரசாங்கங்கள் கட்டும் கட்டடங்களுக்கே போய் ஒட்டிக்கொள்கிறது. 1976 ஒலிம்பிக் போட்டிக்காக மான்ட்ரியல் நகரம் கட்டிய விளையாட்டரங்கின் கடன் 2006இல்தான் தீர்ந்தது. தொடக்கவிழா பார்த்த இளைஞர்கள் கடன் தீர்ந்தபோது நடுவயதைத் தாண்டியிருந்தார்கள். நம்மவர்களுக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு இலங்கையின் மத்தள விமான நிலையம். 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட அதற்கு விமானங்கள் வருவது விரைவிலேயே அருகி, ஒரு கட்டத்தில் அதன் சரக்குக் கிடங்கில் நெல் மூட்டைகளை அடுக்கிவைத்தார்கள். எங்கள் நாட்டுத் தலைநகரத்தையும் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் விடுவதில்லை. 2005இல் அரசு அலுவலகங்கள் இடம்பெயர்ந்த நேப்பியிதோவில், நாடாளுமன்றத்துக்கு முன்னால் இருபது தடச் சாலை ஓடுகிறது. அதில் ஒரு மோட்டார் சைக்கிள் போவதைப் படம் பிடித்துப் போட்டு, கீழே ‘வெள்ளை யானை’ என்று எழுதாத செய்தியாளர் குறைவு. அவர்களில் எத்தனை பேருக்கு, அதே நகரத்தின் உப்பாத்தசந்தி பகோடாவின் அடிவாரத்தில் உண்மையான வெள்ளை யானைகள் நிறுத்தப்பட்டிருப்பது தெரியும் என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஓர் ஊரில் அருள்தரும் விலங்காக வணங்கப்படுவதும், அதே ஊரின்மேல் வீசப்படும் பழிச்சொல்லும் ஒன்றே.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டிய வேறு சில இடங்களையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அறைக்குள் நிற்கும் யானை என்று ஆங்கிலத்தில் வேறொரு தொடர் உண்டு. எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத சங்கதியை அது குறிக்கும். இரண்டையும் குழப்பக் கூடாது. பிரிட்டனில் தேவாலய நிதிக்காக வேண்டாத வீட்டுப் பொருள்களை விற்கும் கடைக்கும், அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நேரத்தில் வேடிக்கைப் பரிசுகளை மாற்றிக்கொள்ளும் விளையாட்டுக்கும் இந்தப் பெயரே வழங்குகிறது. அங்கே பொருள் மிகவும் இளகிவிட்டது, பெருஞ்செலவு என்ற குறிப்புக்கூட இல்லை. மனிதர்களை வெள்ளை யானை என்று சொல்வது வழக்கமில்லை. வேலைக்குப் போகாத அண்ணனை அப்படி எழுதிய மாணவியின் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அடித்துத் திருத்திவிட்டேன்.

தமிழில் இந்தச் சொல்லை நாம் வரவேற்ற விதம் விசித்திரமானது. நட்டத்தில் ஓடும் பொதுத்துறை நிறுவனத்தைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் கூசாமல் வெள்ளை யானை என்கின்றன. ஆனால் நம் மரபில் வெள்ளை யானை இந்திரனின் ஐராவதம். சுந்தரமூர்த்தி நாயனாரைத் திருவஞ்சைக்களத்திலிருந்து கயிலைக்கு ஏற்றிச் சென்றதும் வெள்ளை யானையே. சேரமான் பெருமாள் தம் குதிரையில் பின்தொடர்ந்தார் என்பது கதை. யாரும் அந்த யானைக்கு ஆன செலவைக் கேட்டதில்லை. தீனிக் கணக்கை நம் முன்னோர் வேறு இடத்தில் வைத்தார்கள்: ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும். ஆங்கிலத் தொடர் சொல்வதைக் காட்டிலும் இது கூர்மையானது என்பேன். யானை தின்பது கண்ணுக்குத் தெரிகிறது. வீடு தின்பது பணப்பெட்டிக்கு மட்டுமே தெரியும்.

பர்மாத் தமிழர் ஒருவர் இந்தப் பழமொழியைக் கேட்டால் செட்டிநாட்டை நினைக்காமல் இருக்க முடியாது. இங்கே வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், இந்த நாட்டுத் தேக்கை மரக்கலங்களில் ஏற்றிக் காரைக்குடிப் பக்கத்தில் நூறு தூண் வீடுகளை எழுப்பினார்கள். பல பங்காளிகளுக்குப் பொதுவான அந்த வீடுகளை விற்க ஒருவர் இசைந்தால் இன்னொருவர் இசைவதில்லை. ஓடு மாற்றவும் காவல்காரருக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆண்டுதோறும் பணம் போகிறது. திருமணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் கதவு திறக்கிறது. இடித்த வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்கின்றன.

அந்த வீடுகளைவிடப் பெரிய வெள்ளை யானை ஒன்றை அவர்கள் இங்கேயே விட்டுச் சென்றார்கள் என்பதை அங்குள்ளவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடகு வைத்த வயல்கள் செட்டியார் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த அவர்களுடைய நில உடைமை, 1930களின் பிற்பகுதியில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. அவர்கள் விரும்பியது கைமாறும் பணத்தை. கிடைத்ததோ வாங்க ஆளில்லாத வயல். வரி கட்ட வேண்டும், குத்தகையாளரைத் தேட வேண்டும், அதற்குமேல் நாட்டின் வெறுப்பையும் சுமக்க வேண்டும். விடுதலைக்குப் பின் வந்த நில நாட்டுடைமைச் சட்டத்தில் அது முழுவதும் கையைவிட்டுப் போயிற்று. இந்த இடத்திலும் என் பழைய கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். தீனி போட்டவர் யார்? நிலத்தை இழந்துவிட்டு அதே வயலில் குத்தகைக்கு உழுத பர்மியக் குடியானவர் தன்னைத்தான் சொல்வார். அறுவடைக்குத் தமிழகத்திலிருந்து வந்து, கங்காணிக்குக் கடன்பட்டு, அந்த வரப்பிலேயே மாண்ட கூலிக்காரர் தன்னைச் சொல்வார். செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளை மட்டுமே முதலாளியைச் சொல்வார். கணக்கு யார் எழுதினாரோ அவர் சொன்னதுதான் நூல்களில் நிற்கிறது.

இந்தத் தொடர் எங்கள் மக்களின் வாயில் எப்படிப் புழங்குகிறது என்பதற்கு அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. ஐராவதி டெல்ட்டாவில் உள்ள ஒரு சிறு ஊரின் அம்மன் கோயில், அரிசி ஆலைகளில் வேலை செய்த தமிழர்கள் கட்டியது. அதற்கு ஒரு தேக்குத் தேர் இருக்கிறது. ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை 1960களில் கப்பலேறிவிட்டதால், இன்று திருவிழாவில் வடம் பிடிக்க அக்கம்பக்கத்துப் பர்மிய இளைஞர்களையும் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆண்டில் ஒரு நாள் ஓடும் தேருக்கு மழைக்காலம் முழுவதும் கொட்டகை வேண்டும், கறையான் மருந்து வேண்டும், சக்கரத்து இரும்புப் பட்டைக்குப் பழுது பார்க்க வேண்டும். கோயில் கூட்டத்தில் இந்தச் செலவைப் படித்தபோது, பாங்காக்கில் வேலை செய்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தம்பி எழுந்து, இது ஒரு வெள்ளை யானை, அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு உற்சவரைச் சிறிய வண்டியில் வைத்து இழுக்கலாம் என்று, யானைப் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

பெரியவர்களில் பலருக்கு அந்தத் தொடர் புரியவில்லை. ‘சின்பியூதோ’ என்று யாரோ பர்மிய மொழியில் பெயர்த்துச் சொல்ல, அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிலர் தலையாட்டினார்கள். தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த நாட்டில் அச்சொல்லுக்கு அதுதான் முதற்பொருள். விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டபின், கோயில் கணக்கு வைத்திருக்கும் பெரியம்மா ஒருவர் நோட்டைப் புரட்டினார். கொட்டகைத் தகரத்துக்கும் மருந்துக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அந்தத் தம்பியின் பெயர் மேலிருந்து மூன்றாவது.

“நீ சொல்றது சரிதான் தம்பி. தீனி போடுறவனுக்குத்தான் வலி தெரியும். இந்த வருஷத்துலேர்ந்து உன் பேரை எடுத்துடட்டுமா? யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்” என்று கேட்டார். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வேணாம் பெரியம்மா, எடுக்காதீங்க. அப்பா பேர்ல போடுறது அது” என்றார். பிறகு தகரம் இந்த ஆண்டு எந்த அளவில் வாங்குவது, பழைய ஆணியையே பயன்படுத்தலாமா என்ற பேச்சுக்குக் கூட்டம் போய்விட்டது. வெளியே வந்தபோது அவர் என்னிடம், “சயா, நான் சொன்ன இங்கிலீஷ் தப்பா?” என்று கேட்டார். ஆசிரியரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். எழுந்து நின்று சொன்னபோது அரைகுறையாக இருந்தது, பெயரை எடுக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு முழுக்கச் சரியாகிவிட்டது என்றேன்.